கதவைத் தட்ட வேண்டியவர் யார்? காலநிலை மாநாடுகளில் கூடும் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் ஆண்டு மாநாடுகளில் தத்தம் நாடுகளின் சார்பில் அமர்ந்து, ஒரு சொல்லுக்காகவும் ஒரு காற்புள்ளிக்காகவும் விடிய விடிய வாதாடுகிறவர்கள் நீங்கள். அந்த வாதங்களை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஒப்பந்தத்தின் ஒரு வினைச்சொல் வலுவாக நிற்பதையும் நீர்த்துப்போவதையும் பொறுத்துப் பல்லாயிரம் உயிர்களின் கதி மாறும் என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஆனால் உங்கள் மேசையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதாக நான் கருதும் ஒன்றை உங்கள் முன் வைக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, அது யாரைத் தாக்குமோ அவருடைய வீட்டு வாசல் வரை சென்று சொல்வதும், அவரைக் காப்பதும் யாருடைய கடமை என்ற கேள்விதான் அது.

நான் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு முதியவர் தனியாக வாழ்ந்தார். கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே ஒற்றை அறை. கடுங்கோடையின் ஒரு வாரத்தில், இரவு பதினொரு மணிக்கு அவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது அறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்து நான்கு மணி நேரம் கழிந்தும், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல அது சுட்டது. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, அனலைத்தான் அது அள்ளி வீசியது. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று சன்னலையும் சாத்தியே வைத்திருந்தார். "பகலைக்கூடத் தாங்கிவிடுகிறேன், இரவுதான் முடியவில்லை" என்றார். மூன்றாம் நாள் காலையில் அவர் எழவில்லை. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அது பொய்யன்று, அவருடைய இதயம் நின்றுதான் போனது. அது ஏன் அந்த வாரத்தில் நின்றது என்று மட்டும் எந்தப் பதிவேடும் கேட்கவில்லை. அந்த மூன்று நாட்களில் நான் ஒரே ஒரு முறைதான் மேலே ஏறிப்போனேன் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அவர் சொன்னதில் உடற்கூறு சார்ந்த ஓர் உண்மை இருக்கிறது. மனித உடல் தன் உள்வெப்பத்தை ஏறக்குறைய 37 டிகிரி செல்சியசில் வைத்திருக்கப் பகல் முழுவதும் போராடுகிறது. வெப்பத்தை வெளியேற்ற இரத்தத்தைத் தோலை நோக்கி அனுப்புகிறது. அதற்காக இதயம் வேகமாகத் துடிக்கிறது. வியர்வையாக நீர் வெளியேற வெளியேற இரத்தம் கெட்டிப்படுகிறது, சிறுநீரகங்கள் தவிக்கின்றன. இந்தப் போராட்டத்திலிருந்து உடல் மீள்வதற்கு இயற்கை கொடுத்திருந்த நேரம் இரவு. காற்றில் சேர்ந்துள்ள பசுமை இல்ல வாயுக்கள் தரையின் வெப்பம் விண்ணுக்குத் தப்பிச் செல்வதைத் தடுப்பதால் இரவுகளும் குளிர மறுக்கின்றன. நகரங்களில் கான்கிரீட்டும் தாரும் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் கக்குகின்றன. ஆகவே ஒரு வெப்ப அலையின் முதல் நாளைவிட மூன்றாம் நாளும் நான்காம் நாளும் கொடியவை. உச்சபட்ச வெப்பநிலையை மட்டும் பெரிய எழுத்தில் அறிவித்துவிட்டு, இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைக் கடைசி வரியில் சொல்லும் வழக்கத்தை வானிலை அறிக்கைகள் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளமும் புயலும் கண்ணுக்குத் தெரியும்படி அழிக்கின்றன. வெப்பமோ ஓசையில்லாமல், மூடிய கதவுகளுக்குப் பின்னால் கொல்கிறது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாட்களே நீடித்த வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் கணிசமானோர் தனியாக வாழ்ந்த முதியவர்கள், சன்னல் சாத்திய அறைகளில் கண்டெடுக்கப்பட்டவர்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர். அந்த எண்ணிக்கை சான்றிதழ்களிலிருந்து கிடைத்ததன்று. வழக்கமான ஆண்டுகளில் அதே நாட்களில் எத்தனை பேர் இறப்பார்கள், அந்த ஆண்டில் எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்ட பிறகே அதன் முழு அளவு தெரியவந்தது. இந்தக் கணக்கைப் போடாத நாடுகளில் வெப்பத்தால் இறப்போர் குறைவாக இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், அங்கே வெப்பம் இரக்கத்தோடு நடந்துகொள்கிறது என்பதன்று. அங்கே எண்ணுவோர் இல்லை என்பதுதான்.

எண்ணிய இடங்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சு மறு ஆண்டே வெப்ப எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தனியாக வாழும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு நகராட்சியும் வைத்திருக்க வேண்டும் என்றும், வெப்ப எச்சரிக்கை வரும் நாட்களில் அவர்களைத் தொடர்புகொண்டு நலம் விசாரிக்க வேண்டும் என்றும் ஆனது. இந்தியாவில் 2010 மே மாதத்து வெப்ப அலையில் அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்ட இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்பது கணக்கிடப்பட்ட பிறகுதான், 2013இல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. எச்சரிக்கை வண்ணங்கள், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர்ப் பந்தல்கள், பின்னாளில் சேர்ந்த, எளிய குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளையடித்தல் என்று அதிலிருந்தவை எவையும் அரிய தொழில்நுட்பங்கள் அல்ல. ஆனால் யார் எதைச் செய்ய வேண்டும் என்ற பொறுப்பு அதில் வகுக்கப்பட்டிருந்தது. இந்த இரு இடங்களிலும் வழியைத் திறந்தது ஒரு எண். தங்களுடைய இறந்தோரை நேர்மையாக எண்ணியதால் கிடைத்த எண்.

எச்சரிக்கையைக் குறித்தும் இதையே சொல்வேன். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசமான அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 2020 மே மாதத்தில் ஆம்பன் புயல் அந்தப் பகுதியைத் தாக்கியபோது, பெருந்தொற்றுக் காலத்தின் நடுவிலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வங்கதேசம் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு நகர்த்தியது. அங்கே இறந்தோர் எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை. இந்த மாற்றம் ஓர் இரவில் வரவில்லை. ஐம்பது ஆண்டுகளாகத் தூண்கள்மேல் எழுப்பிய புயல் காப்பகங்களும், ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி வீடு வீடாகப் போகும் பல்லாயிரம் தன்னார்வலர்களும் சேர்ந்து உருவாக்கிய மாற்றம் இது. ஆரம்பத்தில் பெண்கள் காப்பகங்களுக்கு வரத் தயங்கினார்கள் என்பதையும், தனி இடமும் பெண் தன்னார்வலர்களும் அமைந்த பிறகே அந்தத் தயக்கம் குறைந்தது என்பதையும் அறிந்தபோது, செயற்கைக்கோள் படத்திலிருந்து ஒரு மனிதரின் முடிவு வரைக்குமான தொலைவு எவ்வளவு நீண்டது என்பது எனக்கு விளங்கியது.

செல்வமும் அறிவியலும் இருந்தால் மட்டும் அந்தத் தொலைவு தானாகக் கடக்கப்படுவதில்லை. 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் வெள்ளம் வந்தபோது, ஐரோப்பிய வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு நாட்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆனாலும் அந்நாட்டில் 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதிக்கு வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. மக்களின் கைப்பேசிகளில் அவசரச் செய்தி ஒலித்தது இரவு எட்டு மணிக்குப் பிறகு. அதற்குள் தெருக்களில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. காருக்குள்ளோ தரைத்தளத்திலோ சிக்கிக்கொண்டிருந்த ஒருவருடைய சட்டைப்பையில் அந்தக் கைப்பேசி அதிர்ந்த கணத்தை எண்ணிப் பாருங்கள். 200க்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே போயின. அங்கே இல்லாமற்போனது தகவலன்று. அந்தத் தகவலை இந்த நிமிடத்தில் மக்களுக்குச் சொல்லியே தீர வேண்டும் என்ற கடமை, குறிப்பிட்ட ஒருவர்மேல், தட்டிக்கழிக்க முடியாதபடி சுமத்தப்படாமல் இருந்தது. 2027க்குள் உலகில் உள்ள ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் 2022இல் அறிவித்த இலக்கை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ரேடார்களும் கோபுரங்களும் அதன் பாதி வேலையை மட்டுமே செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

திறந்த வெளியில் உழைப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் 240 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மிகை வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்று மதிப்பிட்டது. அது உலக உழைப்பாளர்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது மருத்துவர்களை நெடுங்காலம் குழப்பியது. நீரிழிவோ மிகை இரத்த அழுத்தமோ அவர்களுக்கு இல்லை. கொளுத்தும் வெயிலில் நாள் முழுவதும் இடைவிடாமல் வெட்டியதும், உடல் வற்றியதும் அதில் முதன்மைப் பங்கு வகித்தன என்பதை ஆய்வாளர்கள் படிப்படியாகக் கண்டார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலை நேரத்துக்குள்ளேயே முறைப்படுத்திக் கொடுத்த தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெட்டிய எடைக்குக் கூலி என்றால், ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. நண்பகலில் வேலையை நிறுத்தச் சொல்லும் ஆணை, அந்த நேரத்துக்கான கூலியைப் பற்றிப் பேசாவிட்டால், பசிக்கும் வெயிலுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆணையாகவே முடியும். வெப்பத்திலிருந்து பாதுகாப்பை, கூலியிழப்புக்கான ஈட்டோடு சேர்த்துத் தொழிலாளர் உரிமையாகச் சட்டமாக்குங்கள் என்று கேட்கிறேன்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 2009இல் கோபன்ஹேகனில், காலநிலைப் பணிகளுக்காக வளரும் நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. அந்தத் தொகை முதன்முறையாக எட்டப்பட்டது 2022இல், இரண்டு ஆண்டு தாமதமாக. 2024இல் அஜர்பைஜானின் பாகு மாநாட்டில் புதிய இலக்கு 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானது. ஏழை நாடுகளின் பிரதிநிதிகள் பலர் அது போதாது என்று அந்த அரங்கிலேயே மனம் வெதும்பிச் சொன்னார்கள். தொகையைக் காட்டிலும் அதன் தன்மையே என்னைக் கவலைப்படுத்துகிறது. இதுவரை தரப்பட்ட அரசு நிதியின் பெரும்பகுதி கடனாகவே தரப்பட்டது. அதிலும் உமிழ்வைக் குறைக்கும் தணிப்புப் பணிகளுக்குப் போனதைவிட, மக்களைக் காக்கும் தகவமைப்புப் பணிகளுக்குப் போனது குறைவு. இதன் காரணம் புரியாததன்று. சூரிய மின்நிலையம் மின்சாரம் விற்றுக் கடனை அடைக்கும். புயல் காப்பகம் எதையும் விற்பதில்லை. வெப்ப அலை நாளில் நூறு வீடுகளின் கதவைத் தட்டிவிட்டு வரும் சுகாதாரப் பணியாளர் எந்த வருமானத்தையும் ஈட்டித் தருவதில்லை. அவர் காப்பாற்றிய உயிர் எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. வட்டிக்குக் கடன் கொடுக்கும் முறை இத்தகைய வேலைகளுக்கு ஒருபோதும் பொருந்தாது. இந்தச் சூட்டை உண்டாக்கியதில் மிகச் சிறு பங்கே உடைய ஒரு நாடு, அதிலிருந்து தன் மக்களைக் காப்பதற்குக் கடன்பட வேண்டும் என்பது, எந்த நீதியின்படி பார்த்தாலும் தவறு. காலநிலைப் பேரிடர்களால் பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு உதவ 2022இல் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக் மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பு மற்றும் சேத நிதியத்துக்கும், தகவமைப்புப் பணிகளுக்கும் மானியமாகப் பணம் தாருங்கள்.

தகவமைப்பைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அதை ஒரு சாக்காக யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதால் அதன் எல்லையையும் சொல்கிறேன். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்பநிலைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில், ஓய்வாக, குடிக்கத் தண்ணீரோடு அமர்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரின் உடல்கூட வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. பின்னர் ஆய்வுக்கூடத்தில் இளம் வயதினரைக் கொண்டு செய்த சோதனைகள், அந்த எல்லை அதற்கும் பல டிகிரி கீழேயே தொடங்கிவிடுகிறது என்று காட்டின. குளிர்சாதனம் உண்டே என்பார்கள். வாங்க முடிந்தவருக்கு உண்டு, மின்சாரம் நிற்காதவரை உண்டு. அது ஓர் அறையின் சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. தெருவில் இருப்பவர் அதையும் சேர்த்துச் சுமக்கிறார். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் அது தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் உலகத்தையே குளிரூட்டிவிட முடியாது. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்குகிறது. அதனால் மழை பெய்தால் கடுமையாகக் கொட்டுகிறது, வறளும்போது காற்று நிலத்தின் ஈரத்தை இன்னும் ஆழமாக உறிஞ்சுகிறது. எந்த வாய்க்காலையும் எந்த அணையையும் இப்படி மாறிக்கொண்டே போகும் அளவுக்கு முடிவில்லாமல் பெரிதாக்கிக்கொண்டே இருக்க இயலாது.

ஆகவே நோயின் காரணத்தையும் நிறுத்தத்தான் வேண்டும். கரியமில வாயு நிறைந்த கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகமாகச் சூடேறுகிறது என்று யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி 1856இலேயே சோதித்துக் காட்டினார். ஹவாயின் மௌனா லோவா மலைமேல் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் அவ்வாயு பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்தது. 2024இல் அது 420 பங்கையும் தாண்டிவிட்டது. அதே 2024தான், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட உலகின் சராசரி வெப்பநிலை 1.5 டிகிரிக்கு மேல் பதிவான முதல் ஆண்டு. புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்று உங்கள் கூட்டு முடிவில் எழுத 2023 துபாய் மாநாடு வரை, அதாவது இருபத்தெட்டாவது கூட்டம் வரை, ஆயிற்று. இப்போது எழுதிவிட்டீர்கள். எந்தச் சுரங்கம், எந்த மின்நிலையம், எந்த ஆண்டில் மூடப்படும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் என்ன என்பதையும் எழுதுங்கள். சூரிய மின்தகடுகளின் விலை 2010க்குப் பிந்தைய பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. விலை அதிகம் என்ற பழைய வாதம் பெரும்பாலான இடங்களில் செல்லாது. இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்கு சூடேற்றும் மீத்தேன், ஒரு பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றிலிருந்து பெருமளவு குறைந்துவிடக்கூடியது. எண்ணெய், எரிவாயுக் குழாய்களின் கசிவை அடைத்தாலே நம் வாழ்நாளிலேயே பலன் தெரியும். 1987இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒன்றுகூடி, ஓசோன் படலத்தை அரித்த வேதிப்பொருள்களை நிறுத்த ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டதைச் செய்தும் காட்டின. உங்களைப் போன்ற பிரதிநிதிகள்தான் அதையும் பேசி முடித்தார்கள்.

உங்கள் நாடுகள் சமர்ப்பிக்கும் தகவமைப்புத் திட்டங்களில் சிலவற்றைப் பொறுமையாகப் படித்திருக்கிறேன். "வலுப்படுத்தப்படும்", "மேம்படுத்தப்படும்", "விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்" என்று செயப்பாட்டு வினைகளாகவே அவற்றில் பக்கங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. செய்வது யார் என்று தெரிவதில்லை. அடுத்த திட்டத்தில் எழுவாய்களை எழுதுங்கள். வெப்ப எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள், எந்தப் பதவியில் இருப்பவர், எந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வீடுகளுக்குப் போவார். அதற்கான சம்பளம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வாரத்தின் கூடுதல் இறப்புகளை எந்தத் துறை கணக்கிட்டு எத்தனை நாட்களுக்குள் வெளியிடும் என்று எழுதுங்கள். அப்படி ஒரு பக்கம் எழுதப்பட்டிருந்தால், மேல்மாடி வரை ஏறிப்போவது அண்டைவீட்டாரின் நினைவை மட்டும் நம்பி இருந்திருக்காது.

அந்த அறையில் இப்போது வேறொரு குடும்பம் குடிவந்திருக்கிறது. கைக்குழந்தை ஒன்று உண்டு. கூரைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று கட்டட உரிமையாளரிடம் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை. கோடை தொடங்க அதிக நாட்கள் இல்லை.

மதிப்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஒரு கீழ்மாடிக் குடியிருப்பாளர்